மலைப் பக்கம் திருப்பியவன்

பானுப்பிரியா கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. போன வாரம் கதையை அங்கேதான் விட்டேன். அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மொக்கச்சாமி. ஊர் சிலமலை. படிப்பு நாலாம் வகுப்பு. என் பேரில் ஒரு ஜீப்பு இருந்தது. ஓட்டினவன் என் மகன் அருள்பாண்டி. விடியும் முன்னால் ஊரிலிருந்து பதினாலு பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போடி மெட்டு தாண்டி ஏலத் தோட்டத்தில் இறக்கிவிடுவான். காய் எடுத்து முடித்ததும் சாயங்காலம் கூட்டி வருவான். என் மருமகள் பாண்டீஸ்வரியும் அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி.

அவள் வந்து நின்ற நாளுக்குப் பதினாறு நாள் முன்னால், மலை இறங்கும்போது பிரேக்கு பிடிக்கவில்லை.

வளைவில் ஒரு வேன் பழுதாகி நின்றது. வெளியூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் அதைச் சுற்றி நின்று டயருக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். நேரே போனால் அவர்கள். வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மலை. என் மகன் மலைப் பக்கம் திருப்பினான். ஜீப்பைப் பாறையில் உரசவிட்டு நிறுத்தினான். வேன்காரர்களுக்கு ஒரு கீறல் இல்லை. ஜீப்பில் சிலருக்குக் கை முறிந்தது, சிலருக்குப் பல் போனது, பதிமூணு பொம்பளைகள் பிழைத்தார்கள். இடது மூலையில் உட்கார்ந்திருந்த செல்லத்தாய் மட்டும் அந்த இடத்திலேயே போய்விட்டாள். அவள் எனக்குத் தம்பி பெண்டாட்டி முறை. புருசன் இல்லாதவள். இருந்த ஒரே மகள்தான் இந்தப் பானுப்பிரியா. தேனியில் நர்சுக்குப் படிக்கிறாள்.

அந்த வேன்காரர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள், வண்டியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்கள். சாட்சி சொல்ல ஒருவன் வரவில்லை. வருவான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஜீப்பின் அந்த இடது மூலையைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப் பொம்பளைகள் அதைச் சாய்மான சீட்டு என்பார்கள். நாள் பூராவும் குத்தவைத்துச் செடியின் தூரில் காய் எடுத்தவர்களுக்கு முதுகைச் சாய்த்துத் தூங்க ஜீப்பில் அந்த ஒரு இடம்தான் உண்டு. மற்றவர்கள் ஒருத்தி மேல் ஒருத்தி இடித்துக்கொண்டு வரவேண்டியதுதான். அதனால் முறை வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒருத்தி. ஆறு வருசமாகச் சண்டையில்லாமல் நடந்த முறை.

அன்றைக்குப் பாண்டீஸ்வரியின் முறை.

தலை சுற்றுகிறது என்று செல்லத்தாய் சொல்லியிருக்கிறாள். இவள் எழுந்து இடம் கொடுத்துவிட்டாள்.

இவ்வளவுதான் நடந்தது. ஊர் இதை வேறு மாதிரிப் பேசியது. திருப்புவதற்கு முன்னால் அருள்பாண்டி, "பாண்டீசு!" என்று கத்தியிருக்கிறான். அதை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். பெண்டாட்டியை உஷார்படுத்திவிட்டு, அவள் அந்த மூலையில் இல்லை என்று தெரிந்துகொண்டு, செல்லத்தாய் பக்கம் திருப்பிவிட்டான் என்று பேச்சு.

செல்லத்தாய்க்குப் பதினாறாம் நாள் காரியம் வந்தது. அன்று காலை ஏழு மணிக்கே பானுப்பிரியா எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"பத்தரை மணிக்கு ஸ்டேஷன்ல வாக்குமூலம் கொடுக்கணும் பெரியப்பா. எங்க மாமன் தங்கபாண்டி, தெரிஞ்சேதான் கொன்னான்னு எழுதிக் குடுங்குது. எனக்கு எது நெசம்னு தெரியணும். அதான் அண்ணன்ட்டயே கேக்குறேன். அந்தச் சீட்டுல மதினி இருந்திருந்தா அப்பவும் திருப்பியிருப்பியா?"

அருள்பாண்டி வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"நாந்தான் திருப்புனேன்," என்றான்.

"அது ஊருக்கே தெரியும்ண்ணே. நான் கேட்டது அது இல்ல."

"நாந்தான் பானு திருப்புனேன்."

பதினாறு நாளாக அவன் வாயில் வருவது இந்த ஒன்றுதான். போலீசிடமும் இதைத்தான் சொன்னான். வக்கீல், 'வண்டி தானாகப் பாறைப் பக்கம் இழுத்தது என்று சொல்லு, கேஸ் பாதி கரைந்துவிடும்' என்று சொல்லிக்கொடுத்தார். அதற்கும் இதையே சொன்னான்.

நிலைப்படியில் பாண்டீஸ்வரி நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை.

"திருப்பியிருப்பேன்னு சொன்னா விபத்துனு எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன். இல்லைன்னா மாமன் சொல்றத எழுதுவேன். வாயத் தொறக்காம இருந்தா, இல்லைன்னுதான் அர்த்தம்." சொல்லிவிட்டுப் பானுப்பிரியா போய்விட்டாள்.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? சொல்லேன்டா," என்றேன் நான்.

அவன் எழுந்து சட்டையை மாட்டினான். ஒரு கை நுழையவில்லை. பாண்டீஸ்வரி வந்து தோளில் போட்டுவிட்டாள். பொத்தானை அவனே ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டான்.

---

அவனையும் அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நானும் அவனும் போடிக்குப் பஸ்சில் போனோம். தேவாரத்திலிருந்து வருகிற வண்டி. நிற்க இடமில்லாத கூட்டம். ஆனால் நாங்கள் ஏறியதும் எங்களைச் சுற்றி மட்டும் இடம் வந்தது.

கருத்தம்மா உட்கார்ந்திருந்தாள். பிழைத்த பதிமூணு பேரில் ஒருத்தி. தோள்பட்டை எலும்பு முறிந்து கையைத் தூளியில் தொங்கவிட்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். அவள் வாய்க்கு மட்டும் அடி ஒன்றும் இல்லை.

"ஏ அருளு, ஒக்காருப்பா. இந்தா எனக்கு எடது பக்கம் காலியாத்தான் இருக்கு," என்றாள். பஸ்சில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"கருத்தம்மா, சும்மா வா," என்றேன்.

"நான் சும்மாதான் அண்ணே வர்றேன். செல்லத்தாயும் அன்னைக்குச் சும்மாதான் வந்தா. வேன்ல முட்டியிருந்தா நம்ம ஆளு ஒருத்தரும் செத்திருக்க மாட்டாங்க. எவனோ ஊர்சுத்த வந்தவனுக்காக நம்ம பொம்பளையக் குடுத்துட்டு வந்துருக்கான் ஒம் மகன். அதுலயும் சொந்தப் பொண்டாட்டிக்கு மட்டும் சத்தம் குடுத்துட்டு. இந்தக் காதாலதான கேட்டேன்."

அருள்பாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். கருத்தம்மாவை நான் நம்பமாட்டேன். எவரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை நான். ஆனால் அன்றைக்கு என் மகனையும் நம்பவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் கத்தியது எதற்கென்று எனக்கும் சந்தேகம் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு டீக்கடைக்கு இழுத்துப்போனேன். ஸ்டேஷனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எதுக்குடா அவ பேரைச் சொல்லிக் கத்துன?"

டீயைக் கையில் வைத்திருந்தான். குடிக்கவில்லை.

"அவ அங்க இருக்கானு நெனச்சேன்ப்பா."

"எங்க?"

"சாய்மான சீட்டுல."

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன்.

"அன்னைக்கு அவ முறைப்பா. காலையில நானே சொன்னேன், இன்னைக்கு நீ நல்லாத் தூங்கிட்டு வரலாம்னு. முன்னாடி மூணு பேரு ஒக்காந்து மறைச்சுட்டாங்க. பின்னாடி படுதா எறக்கியிருந்துச்சு. எடம் மாறுனது எனக்குத் தெரியாது. பிரேக்க மிதிச்சேன், கீழ வரைக்கும் போயிருச்சு. வேன் தெரிஞ்சுச்சு. கல்லு வச்சிக்கிட்டு இருந்த ஒரு ஆளு நிமிந்து பாத்தாரு. பாறையில ஒரசுனாத்தான் நிக்கும். ஒரசுனா எந்த மூலை போகும்னு எனக்குத் தெரியும்."

"அப்படின்னா..."

"அவ செத்துருவானு தெரிஞ்சுதான் திருப்புனேன். மன்னிச்சிக்கன்னு சொல்ல நேரமில்ல. பேரு மட்டுந்தான் வாய்ல வந்துச்சு."

டீக்கடைக்காரர் கிளாசுக்குக் கை நீட்டினார். இவன் குடிக்காத டீயை அப்படியே கொடுத்துவிட்டான்.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோசம். என் மகன் தப்பு செய்யவில்லை, ஊர் வாயை அடைத்துவிடலாம் என்கிற சந்தோசம். அரை நிமிசம் இருந்திருக்கும். பிறகு பாண்டீஸ்வரி ஞாபகம் வந்தது.

"பானுட்ட இதைச் சொல்லிரலாம்டா. காலையில அவ கேட்டது இதத்தான."

"சொல்லக்கூடாதுப்பா."

"ஏன்டா? ஜெயிலுக்குப் போறியா?"

"போறேன். ஜெயிலுன்னா ரெண்டு வருசமோ மூணு வருசமோ. வந்துட்டா வீட்டுல அவ இருப்பா. இதச் சொன்னா?" என்னைப் பார்த்தான். "ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். சொல்லாதீக. பாண்டீசுக்கும் காது இருக்கு."

சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டினது நிஜம்.

---

ஸ்டேஷன் வராந்தாவில் பானுப்பிரியாவும் அவள் தாய்மாமன் தங்கபாண்டியும் பெஞ்சில் இருந்தார்கள். தங்கபாண்டி கையில் எழுதிய தாள் ஒன்று இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. பானுப்பிரியா கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

அருள்பாண்டியை உள்ளே கூப்பிட்டார்கள். நானும் போனேன். எனக்கும் ஒரு விசயம் சொல்லவேண்டியிருந்தது.

அதை இங்கேயும் சொல்கிறேன். அந்த விபத்துக்கு ஒரு வாரம் முன்னால் மெக்கானிக் வீரணன் ஜீப்பைப் பார்த்துவிட்டு, 'மாமா, பிரேக்கு மிதி ரொம்பக் கீழ போகுது, சிலிண்டரை மாத்தணும், வண்டிய ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க' என்றான். நான் விடவில்லை. காய் எடுப்பு மும்முரம். வண்டி நின்றால் பதினாலு பேருக்கும் வேலை நின்றுவிடும் என்று சொன்னேன். அது ஊருக்குச் சொன்ன காரணம். நிஜம் என்னவென்றால், வீரணனை நான் நம்பவில்லை. எந்த வண்டி போனாலும் எதையாவது மாற்றவேண்டும் என்பவன் அவன். பத்துத் தடவை சொன்னதில் ஒன்பது தடவை பொய். இது பத்தாவது தடவை. 'ஆயில் ஊத்திக் குடுடா போதும்' என்றேன். ஊத்திக் கொடுத்தான்.

எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார்.

"என்ன பெரியவரே?"

"சார், குத்தம் என்னுது. பிரேக்க நாந்தான் மாத்தவிடல."

"வண்டி ஓட்டுனது நீங்களா?"

"இல்ல. வண்டி எம் பேர்ல இருக்கு."

"ஓனர் சைடு தனியா விசாரிப்போம். அதுக்கு நோட்டீசு வரும், அப்ப வந்து சொல்லுங்க. இன்னைக்கு டிரைவரையும் அந்தப் பொண்ணையுந்தான் கூப்பிட்டிருக்கோம்."

"குத்தம் பண்ணுனவன் நானா வந்து நிக்கிறேன் சார். இன்னைக்கு வேணாமா?"

"பெரியவரே, பிரேக்கு போச்சு, சரி. அதுக்கப்புறம் ஸ்டீயரிங்க யாரு திருப்புனது?"

"நான் சார்," என்றான் என் மகன்.

"தெரிஞ்சுதான் திருப்புனீங்களா?"

"தெரிஞ்சுதான்."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இப்படிச் சொன்னா நான் இப்படித்தான்ப்பா எழுத முடியும். வெளிய உக்காந்து யோசிச்சிட்டு வா. அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுனு கேட்டுட்டு மறுபடி கூப்பிடுறேன்."

வெளியே வந்தோம். அருள்பாண்டி தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனான். தங்கபாண்டி தாளைப் பானுப்பிரியா மடியில் வைத்துப் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தான்.

"போடு பானு. பதிலே சொல்லலேல்ல அவன்? அதுவே பதிலு. போடு வெரசா."

அவள் பேனாவை வாங்கினாள்.

ஒரு தகப்பன் அந்த நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. சொல்லமாட்டேன் என்று தலையாட்டியவன் நான். என் மகன் பத்தடி தூரத்தில் ஒற்றைக் கையால் முகம் கழுவுகிறான். பேனா தாளில் படப்போகிறது. குனிந்து அவள் காதோரம் சொல்லிவிட்டேன். முறை, படுதா, பேர், எல்லாவற்றையும்.

பானுப்பிரியா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும் தலையைத் தூக்கினாள்.

"அப்ப எங்காத்தா மேல ஒரு கோவமும் இல்ல. மதினிக்கு விட்ட அடி எங்காத்தா மேல விழுந்திருச்சு. அவ்வளவுதானா பெரியப்பா?"

"அப்படி இல்லத்தா..."

"வேற எப்படி? காலையில ஒரு கேள்வி கேட்டேன். பதிலு வந்தா மனசு ஆறும்னு நெனச்சேன்." தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "நாளைக்கு வர்றேன்னு சார்ட்ட சொல்லிரு மாமா. இன்னைக்கு என்னால முடியாது."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த அருள்பாண்டி என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நான் சொல்லிவிட்டேன் என்பது அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எஸ்.ஐ. எங்களையும் மறுநாள் வரச்சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்சில் அவன் என் பக்கத்தில் நிற்கவில்லை.

---

மத்தியானம் செல்லத்தாய் வீட்டில் சோறு. நாங்கள் பங்காளி வீடு. பங்காளி போகாமல் பதினாறாம் நாள் முடியாது. என் மகன் ஓட்டின வண்டியில் செத்தவளுக்கு என் வீட்டார் போய்ப் பந்தி பரிமாறவேண்டும். எங்கள் வழக்கம் அப்படி.

அருள்பாண்டி கடைசி வரிசையில் கடைசி இலையில் உட்கார்ந்தான். அவனுக்கு அடுத்த இலையில் ஒருவரும் உட்காரவில்லை. பாண்டீஸ்வரி முந்தானையைச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியோடு வந்தாள். சாமி கும்பிட்ட இடத்தில் செல்லத்தாய் போட்டோ. ஆதார் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கினது. அதில் அவள் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள்.

கருத்தம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள்.

"நல்லா இருக்குடியம்மா. பொண்டாட்டி ஊத்த, புருசன் திங்க, செத்தவ செவத்துல தொங்க. தின்னுங்க, தின்னுங்க. சாய்மான சீட்டு யாருக்கு எப்ப வாய்க்கும்னு ஆரு கண்டா? சமத்தா எடம் மாறத் தெரியணும்."

யாரோ ஒருத்தி, "விடு மதினி," என்றாள்.

"நான் ஏன் விடணும்? 'பாண்டீசு'ன்னு கத்துனானா இல்லையா? பதிமூணு பேரும் கேட்டோமா இல்லையா?"

"கேட்டீக."

பானுப்பிரியா அடுப்படியிலிருந்து வந்து பந்திக்கு நடுவே நின்றாள். அந்தப் பிள்ளை அழவில்லை. குரல் மட்டும் உடைந்து உடைந்து வந்தது.

"கேட்டீக. ஆனா எதுக்குனு தெரியாமப் பேசுறீக. அண்ணன் மதினியக் காப்பாத்தல. அந்த மூலையில மதினி ஒக்காந்திருக்குனு நெனச்சுத்தான் திருப்புச்சு. சாகப்போறது தம் பொண்டாட்டினு நெனச்சுத்தான் அந்தப் பேரைக் கத்துச்சு. எங்காத்தா அங்க இருந்தது அதுக்குத் தெரியாது. இன்னொரு தடவ எவளாவது, பொண்டாட்டியக் காப்பாத்துனான்னு எங்க வீட்டுல வந்து பேசுனா, இலையோட எந்திரிச்சுப் போயிரணும்."

நியாயம் பேசினாள். என் மகன் மேல் விழுந்த பழியைத் துடைக்கத்தான் பேசினாள். அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளை, செத்தவளின் மகள், அதைச் சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கவேண்டும். ஆனால் என் கண் போனது பாண்டீஸ்வரி பக்கம்.

அவள் குனிந்து ஒரு இலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள். அடுத்த இலைக்கு நகர்ந்தாள். வாளியில் கரண்டி படும் சத்தம் மட்டும்தான். ஒவ்வொரு இலையாக ஊற்றிக்கொண்டே கடைசி வரைக்கும் போனாள். அருள்பாண்டி இலைக்கும் ஊற்றினாள். வாளியைக் கீழே வைத்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள்.

---

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாண்டீசு," என்றான் அருள்பாண்டி.

"அந்தப் பேரு வேணாம். கொஞ்ச நாளைக்கு."

நான் நடுவில் போனேன். "ஆத்தா, நாந்தான் பானுட்ட சொன்னேன். அவன் சொல்லவேணாம்னு கும்புட்டான். கேசுல இருந்து தப்பிக்கட்டும்னு சொல்லிட்டேன். ஒனக்குத் தெரியவேணாம்னுதான் அவன்..."

"எனக்குத் தெரியும் மாமா."

"எப்படி?"

"நான் வலது பக்கம், இவர் முதுகுக்குப் பின்னாடிதான் ஒக்காந்திருந்தேன். எம் பேரைக் கத்துறப்ப இவர் தல எடது பக்கம் திரும்புச்சு. மூலையப் பாத்துக் கத்துனாரு. அப்பவே தெரிஞ்சு போச்சு." துணியை மடித்துக்கொண்டே பேசினாள். "இவரு சொல்லல. நானும் கேக்கல. இவருக்கு எனக்குத் தெரியும்னு தெரியாது. அப்படியே காலத்த ஓட்டிரலாம்னு இருந்தேன். பதினாறு நாள் ஓட்டிட்டேன். இன்னும் முப்பது வருசம் ஓட்டியிருப்பேன் மாமா. இப்ப ஊரே பந்தியில ஒக்காந்து கேட்டாச்சு. இனிமே நான் தெரியாத மாதிரி எப்படி இருக்குறது?"

நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு உடைத்தது இதைத்தான்.

அருள்பாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான். "வேன் மேல விட்டிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

"விட்டிருந்தா அந்த ஏழெட்டுப் பேரு வீட்டுப் பொம்பளைக வந்து நிப்பாளுக. நீங்க பண்ணுனது தப்பு இல்ல. அந்த எடத்துல நான் ஓட்டியிருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன். மூலையில நீங்க இருந்தாலும்."

"அப்பறம் என்ன ஆத்தா?" என்றேன்.

"அதான் மாமா எனக்குச் சொல்லத் தெரியல. தப்புப் பண்ணுன ஆளுன்னா சண்ட போடலாம், கோவிச்சுக்கிட்டு எங்காத்தா வீட்டுக்குப் போகலாம், ஒரு நாளு மன்னிச்சு விட்டுரலாம். இவரு சரியாப் பண்ணிட்டாரு. சரியாப் பண்ணுன மனுசன்கூட எப்படிப் படுத்து எந்திரிக்கிறது?"

"நான் மட்டும் வீரணன் பேச்சக் கேட்டிருந்தா..."

"ஆமா மாமா. கேட்டிருந்தா ஒண்ணுமே இல்ல."

பதினாறு நாளாக அதை என் முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. போலீசும் சொல்லவில்லை. அவள் சொன்னாள். கோபம்கூட இல்லாமல் சொன்னாள்.

"நாளைக்கே நாஞ் செத்தாலும் ஒன்ன..." என்று அருள்பாண்டி ஏதோ ஆரம்பித்தான்.

"சத்தியம் ஒண்ணும் பண்ணாதீங்க. நாளைக்கு அதே வளைவு வந்தாலும் நீங்க திருப்பித்தான் ஆகணும். திருப்பலைன்னாத்தான் நீங்க கெட்டவரு."

பாயைச் சுருட்டினாள். இரண்டு சேலையைப் பையில் வைத்தாள்.

"எங்க ஆத்தா போற?"

"பானு தனியாக் கெடக்கு. சொந்தக்காரங்கள்லாம் இப்பக் கௌம்பிருவாக. நான் விட்டுக்குடுத்த சீட்டுல போயித்தான் அவ ஆத்தா செத்தா. அங்க போயி இருக்கேன்."

"எத்தன நாளைக்கு?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். அருள்பாண்டி எழுந்திருக்கவில்லை. மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாசலுக்கு வந்தேன். கூப்பிடவேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. எந்த வாயால் கூப்பிடுவது? திரும்பி வா என்றால், எதற்கு என்று கேட்பாள்.

செல்லத்தாய் வீடு தெருவில் எங்களுக்கு ஆறாவது வீடு. பந்தல்காரர்கள் கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. பாண்டீஸ்வரி பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

பானுப்பிரியா கதவைத் திறந்தாள். காலையில் ஸ்டேஷனில் நாலாக மடித்து வைத்த தாள் அவள் கையில் விரித்தபடி இருந்தது. பாயைப் பார்த்தாள். பாண்டீஸ்வரி முகத்தைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

கதவைச் சாத்தவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

பாண்டீஸ்வரி படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்றுகொண்டே இருந்தாள்.